பெயரறியாப் பீடையும் பெயரறிந்த நஞ்சும்

"பூச்சி எதுவானால் என்ன? மருந்தை அடித்தால் சாகும்." இந்த ஒரு வாக்கியம் நம் நாட்டின் பயிர்ச்செய்கையைத் தலைமுறை தலைமுறையாக ஆட்சி செய்து வந்திருக்கிறது. தோட்டத்துரை இதைச் சொன்னார். பீடைநாசினி விற்கும் வியாபாரி இதைச் சொன்னார். வியாபாரியிடம் கடன்பட்டு நின்ற கமக்காரனும் வேறு வழி அறியாது இதையே திருப்பிச் சொன்னான். சொன்னவர்களுள் இலாபம் கண்டவர் யார், நட்டம் கண்டவர் யார் என்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நஞ்சின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பீடையின் பெயர்தான் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்று இப்பழைய வாக்கியம் புதிய உடை தரித்து வருகிறது. பயிர்ப் பீடைகளை அவற்றின் டி.என்.ஏ. கொண்டு இனங்காணும் முறை உலகெங்கும் வழக்கத்திற்கு வந்திருக்கும் இக்காலத்தில், "இது செல்வந்த நாடுகளின் விளையாட்டு, அந்நியச் செலாவணிக்கு வழியற்ற நமக்கு இது எதற்கு?" என்று கேட்கும் நடைமுறைவாதிகள் நம்மிடையே தோன்றியுள்ளனர். அவர்களுக்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. "இனி நுணுக்குக்காட்டியும் வேண்டாம், வயலில் நடந்து பழகிய கண்ணும் வேண்டாம், இயந்திரத்தில் ஒரு காலை இட்டால் மறுபுறம் பெயர் வந்து விழும்" என்பது இவர்கள் வாதம். முன்னவர் அறிவை மறுக்கின்றனர். பின்னவர் அறிவை மந்திரமாக்குகின்றனர். இவ்விரு சாராருக்கும் எதிராக நாம் சில உண்மைகளை எடுத்துரைக்க விரும்புகிறோம். அதற்குச் சான்றாக ஆபிரிக்காவுக்கோ அமெரிக்காவுக்கோ முதலிற் செல்ல வேண்டியதில்லை. நமது மலைநாட்டுத் தேயிலைச் செடியின் தண்டுக்குள்ளேயே அச்சான்று குடியிருக்கிறது.

முதலில் இம்முறை யாது என்பதைத் தெளிவுபடுத்துவோம். உயிர்க் கலத்தின் டி.என்.ஏ. மூலக்கூறு அடெனின், சைட்டோசின், குவானின், தைமின் என்னும் நான்கு இரசாயன எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு நீண்ட ஏடு. கலத்தின் கருவில் உள்ள ஏட்டைத் தவிர, கலத்திற்கு வலுவூட்டும் இழைமணிகளிலும் ஒரு சிற்றேடு உண்டு. அது தாய்வழியாக மட்டுமே பிள்ளைக்கு வருவது. 2003ஆம் ஆண்டில் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹேபேர்ட் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு யோசனையை முன்வைத்தனர். இழைமணியிலுள்ள சைற்றோக்குரோம் ஒட்சிடேசு என்னும் பரம்பரையலகின் ஒரு குறித்த பகுதியை, ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதியை, விலங்கினங்கள் அனைத்துக்கும் பொதுவான அடையாளச் சீட்டாகக் கொள்ளலாம் என்பதே அந்த யோசனை. கடைச் சரக்கின் மேல் அச்சிடப்படும் பட்டைக்குறியைப் போன்றது இது. ஒரே இனத்தைச் சேர்ந்த பூச்சிகளில் இவ்வெழுத்துகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். இனத்துக்கு இனம் அவை வேறுபடும்.

ஒரு பூச்சியின் ஒற்றைக் காலிலிருந்து கிடைக்கும் டி.என்.ஏ. மிகச் சொற்பம். அதை இலட்சோபலட்சம் பிரதிகளாகப் பெருக்கும் வித்தையை 1983ஆம் ஆண்டில் கரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் கண்டறிந்தார். பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் எனப்படும் அம்முறைக்காக 1993இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெருக்கிய பிரதியின் எழுத்துகளைக் கருவி வாசிக்கிறது. வாசித்ததை, முன்னரே சேர்த்து வைக்கப்பட்ட எழுத்துத் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். முறை இவ்வளவே. இதில் மந்திரம் எதுவும் இல்லை.

இதன் பெரும்பயன் யாதெனில், பூச்சியின் எந்தப் பருவத்திலும் இதைச் செய்ய முடியும் என்பது. பழைய பூச்சியியலாளர் வளர்ந்த பூச்சியின் சிறகு, உணர்கொம்பு, இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றைப் பார்த்தே இனத்தைத் தீர்மானித்தனர். முட்டையையும் குடம்பியையும் கொண்டு பெயர் சொல்வது பெரும்பாலும் இயலாத காரியம். பயிரைத் தின்பதோ அக்குடம்பிதான்! அது வளர்ந்து சிறகு முளைத்துத் தன் பெயரைச் சொல்லும் வரை காத்திருந்தால் வயலில் மிஞ்சுவது தாளும் தட்டையுமே. துறைமுகத்தில் வந்திறங்கும் மரப்பெட்டியின் இடுக்கில் கிடக்கும் உடைந்த சிறகும் இன்று தன் பெயரைச் சொல்லும். இதனை ஆடம்பரம் என்று சொல்பவர் பசியை ஒருநாளும் அறியாதவராகவே இருத்தல் வேண்டும்.

*

இனித் தேயிலைக்கு வருவோம்.

தேயிலைச் செடியின் தண்டைத் துளைத்து உள்ளே குடியேறும் ஒரு சிறு வண்டு நமது மத்திய மலைநாட்டிலும் தாழ்நாட்டுத் தேயிலைப் பகுதிகளிலும் நெடுங்காலமாகப் பேரழிவு செய்து வருகிறது. பெண் வண்டின் நீளம் இரண்டரை மில்லிமீற்றர் அளவே. துப்பாக்கிச் சன்னம் பாய்ந்தாற் போன்ற துளையைத் தண்டில் இட்டு அது உள்ளே செல்கிறது. செல்லும்போது தன் வாய்ப்புறத்திலுள்ள ஒரு பையில் ஒருவகைப் பங்கசின் வித்தையும் சுமந்து செல்கிறது. தண்டின் உட்சுவரில் அப்பங்கசு தோட்டம் போல வளர்கிறது. வண்டின் குடம்பிகள் உண்பது மரத்தையன்று, அப்பங்கசையே. ஆண் வண்டுகள் மிகச் சில, அவை பறக்கமாட்டா, பிறந்த கூட்டுக்குள்ளேயே உடன்பிறந்த பெண்களோடு கூடி மடிகின்றன. கருவுற்ற ஒரு பெண் வண்டு மட்டும் ஓர் இடத்தை அடைந்துவிட்டால் போதும், ஒரு குடியேற்றமே உருவாகிவிடும்.

துளையுண்ட தண்டு வலுவிழக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை பட்டதும் கிளை முறிகிறது. முறிந்த கிளையிற் கொழுந்தில்லை. கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். வண்டு துளைத்தது செடியைத்தான். ஆயினும் துளை விழுந்தது தொழிலாளியின் கூலியில். பீடையியல் என்பது பூச்சியைப் பற்றிய அறிவு மாத்திரமன்று என்று நாம் சொல்வது இதனாலேயே.

இவ்வண்டுக்கு விஞ்ஞானம் பெயரிட்ட கதையைக் கவனியுங்கள். 1868ஆம் ஆண்டில் ஐக்கோப் என்னும் ஜேர்மன் அறிஞர், இலங்கையிலிருந்து சென்ற ஒரு மாதிரியைக் கொண்டு இதற்குப் போர்னிகேட்டஸ் என்ற இனப்பெயரைச் சூட்டினார். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையிற் காணப்பட்டது அடுத்த ஆண்டான 1869இல். ஆகவே தேயிலைக்குப் பகைவனாகுமுன்பே இவ்வண்டு ஐரோப்பிய அறிஞரின் ஏட்டில் ஏறிவிட்டது. பின்னர் தேயிலை பெருகப் பெருக வண்டும் பெருகிற்று. 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கட் போன்ற ஆய்வாளர் பல்லாண்டு இதன் வாழ்க்கையைக் கூர்ந்து ஆராய்ந்தனர். 1947ஆம் ஆண்டில் கட், லூஸ் ஆகிய இருவரும் வண்டு வளர்க்கும் பங்கசையும் விவரித்து வெளியிட்டனர். உலகெங்கும் இவ்வண்டைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தவை இலங்கையில் நடந்த அவ்வாய்வுகளே.

அந்த அடித்தளத்தின் கீழ் ஒரு பிளவு இருந்ததைக் காட்டியது டி.என்.ஏ. ஆய்வு. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இத்தகைய வண்டு ஒன்று பிடிபட்டபோது, தேயிலைத் துளைவண்டு என்றே அதைப் பதிந்துகொண்டனர். 2009இல் இஸ்ரேலின் ஆனைக்கொய்யாத் தோட்டங்களில் மரங்கள் வாடின. 2012இல் கலிபோர்னியாவிலும் அவ்வாறே வாடின. தேயிலையிலிருந்து இவ்வளவு வேறான மரங்களை இது கொல்வானேன் என்ற கேள்வி எழுந்தது. வண்டின் எழுத்துகளை வாசித்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. ஒரே வண்டு என்று உலகம் நம்பியிருந்தது பல இனங்களின் கூட்டம்! கண்ணுக்கு அவை ஒன்று போலவே தோன்றின. பரம்பரையலகிலோ ஒன்றுக்கொன்று நெடுந்தூரம் விலகி நின்றன. அவை சுமக்கும் பங்கசுகளும் வேறு. 2017ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் பீற்றர்மாரிட்ஸ்பேர்க் நகரத் தாவரவியற் பூங்காவில் இவ்வண்டு கண்டறியப்பட்டபோது, அது கலிபோர்னியாவையும் இஸ்ரேலையும் தாக்கிய இனமே என்பதை டி.என்.ஏ. ஒப்பீடு காட்டிற்று.

பின்னர் பெயர்ச் சிக்கல் எழுந்தது. 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இவ்வினங்களைப் பிரித்து, போர்னிகேட்டஸ் என்ற பழைய பெயரைத் தேயிலை வண்டுக்கு வழங்கினர். ஓராண்டு கழிந்தது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட 1868ஆம் ஆண்டின் மூலமாதிரி, அந்த இலங்கை வண்டு, மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதன் உடலை அளந்து ஒப்பிட்டபோது, அது கலிபோர்னியாவை அழிக்கும் இனத்தோடு பொருந்திற்று! 2019இல் பெயர்கள் மீண்டும் மாறின. பழைய பெயர் ஆனைக்கொய்யாவை அழிக்கும் இனத்துக்குச் சென்றது. தேயிலைத் துளைவண்டு என்று நாம் அழைத்து வந்ததோ பெர்பிரெவிஸ், போர்னிகேட்டியோர் என்னும் இரு இனங்களாயிற்று.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்போர் இக்கதையைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். ஒரு நூற்றாண்டு காலத்து ஆய்வேடுகளில் போர்னிகேட்டஸ் என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் இன்று கேள்விக்குறியாகி நிற்கின்றன. எந்த வண்டின் வாழ்நாளை அளந்தனர்? எந்த வண்டை எந்தத் தேயிலை வகை தாங்கி நின்றது? எந்தப் பங்கசு எந்த வண்டுக்குரியது? அக்காலத்து மாதிரிகள் எங்கெங்கு பேணப்பட்டுள்ளனவோ அங்கெல்லாம் விடை கிடைக்கக்கூடும். பேணப்படாத இடத்தில் உழைப்பின் ஒரு பகுதி வீண். இரண்டு பகைவரை ஒருவரென்று எண்ணிப் போர் புரிந்த படை, எந்த அடி யார்மேல் விழுந்தது என்று எவ்வாறு அறியும்?

இன்னொரு பாடமும் இதிலே உண்டு. இது நமது இயந்திர பக்தர்களுக்குரியது. இனங்கள் பல என்று காட்டியது டி.என்.ஏ.; ஆனால் எந்தப் பெயர் எவ்வினத்துக்குரியது என்று முடிவு செய்தது நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு செத்த வண்டு. கருவி பெயரைப் படைப்பதில்லை. மனிதர் முன்னரே பார்த்து, பிரித்து, ஊசி குத்திப் பேணி, பெயரெழுதி வைத்த ஒன்றோடு அது ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. தொகுதியில் இல்லாத பூச்சியை அதனிடம் கொடுத்தால் அது ஊமை. தொகுதியிற் பிழையாகப் பெயரிட்டு வைத்திருந்தால் அது பொய்யன். பூச்சியியலாளர் ஓய்வுபெறும்போது அவரிடத்துக்கு ஒருவரையும் நியமிக்காது, அவ்வறைக்குள் ஒரு கருவியை வாங்கி வைத்து விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதென்று திறப்புவிழா நடத்துவோரை நாம் இந்நாட்டின் விவசாயத்தின் நண்பர் என்று ஏற்கமாட்டோம்.

சோளத்தைத் தாக்கிய படைப்புழுவும் இதையே உரைக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும், 2018இல் இந்தியாவிலும், அதே ஆண்டில் இலங்கையிலும் காணப்பட்டது. 'சேனா' என்ற பெயரால் நம் மக்கள் அதனை அறிந்தனர். இதில் நெல்லை நாடும் வகை, சோளத்தை நாடும் வகை என இரண்டுண்டு. இழைமணி எழுத்துகளை மாத்திரம் பார்த்தால், புதிய நாடுகளுக்குப் பரவியவற்றுட் பெரும்பாலானவை நெல் வகை என்றே தோன்றும். கருவிலுள்ள வேறொரு பரம்பரையலகைப் பார்த்தால் அவை சோள வகை! வயலில் அவை அழித்ததும் சோளத்தையே. ஒற்றைப் பரம்பரையலகை வேதவாக்காகக் கொண்டவர் இங்கே வழி தவறியிருப்பர். வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'வை' எழுத்துப் போன்ற வெண்கோடும், வாற்புறத்தில் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளும் இருப்பதைச் சேனைப் பயிர்செய்யும் கமக்காரன் வெறுங்கண்ணாலே கண்டு சொல்வான். கண்ணாற் காணக்கூடியதைக் கண்ணாற் காண்போம். கண்ணுக்குப் புலப்படாத முட்டையையும் இளங்குடம்பியையும் இனப்பிரிவையும் கருவியாற் காண்போம். இரண்டுக்கும் பகையில்லை, பகையை மூட்டுவோர் இரண்டையும் அறியாதவரே.

*

இனி, மருந்தடித்தால் போதும் என்ற நடைமுறைவாதிகளுக்கு வருவோம். அவர்களுடைய நடைமுறை எப்படி நடந்ததென்பதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

இலங்கைத் தேயிலையை முற்காலத்தில் வாட்டிய இன்னொரு பீடை, இலைகளை ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் டோட்ரிக்ஸ் புழு. அப்புழுவின் உடலிற் புகுந்து வளர்ந்து அதைக் கொல்லும் மக்ரோசென்றஸ் என்னும் சிறு குளவி ஒன்று ஜாவாவில் இருந்தது. 1930களின் நடுப்பகுதியில் அக்குளவியை இங்கே கொணர்ந்து விட்டனர். நஞ்சின்றி, செலவின்றி, ஆண்டுக்காண்டு அக்குளவி தன் கடமையைச் செய்தது, டோட்ரிக்ஸ் அடங்கிற்று. இது இலங்கை விஞ்ஞானத்தின் பெருமைக்குரிய ஓர் அத்தியாயம்.

பின்னர் 1950களின் பிற்பகுதியில், துளைவண்டை ஒழிப்பதற்கென டீல்டிரின் என்ற நஞ்சைத் தேயிலை மலைகளிலே தெளித்தனர். வண்டு தண்டுக்குள்ளே, தன் பங்கசுத் தோட்டத்தில், அரணுக்குள் இருப்பதுபோல் இருப்பது. குளவியோ வெளியிலே திரிவது. நஞ்சுக்கு இரையானது காவலன். காவலன் மாண்டதும் டோட்ரிக்ஸ் புழு மீண்டும் மலைமலையாகப் பெருகிற்று. ஒரு பீடையை ஒழிக்கப் போய் அடங்கியிருந்த இன்னொரு பீடையை எழுப்பி விட்டனர். பீடைக் கட்டுப்பாட்டைப் பற்றிய நூல்களில் இன்றும் எச்சரிக்கையாக எடுத்துக்காட்டப்படும் சம்பவம் இது. அந்த டீல்டிரின், 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையில் உலகம் முதலிலே விலக்கிய பன்னிரு நஞ்சுகளுள் ஒன்று. அதை முதுகிற் சுமந்து தெளித்தவர்களின் உடலில் அது என்ன செய்தது என்று எந்தத் தோட்டக் கணக்கும் நமக்குச் சொல்லவில்லை. கொழுந்தின் நிறையை இறாத்தலுக்கு இறாத்தல் எழுதிய பேரேடுகளில் அதற்கு ஒரு பத்தியும் இருக்கவில்லை.

பகைவனின் பெயரை அறிய வேண்டும் என்கிறோம். நண்பனின் பெயரையும் அறிதல் அவசியம். ஒரு புழுவின் உடலுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குடம்பி இருக்கிறதா, இருந்தால் எவ்வினம் என்பதை இன்று டி.என்.ஏ. கொண்டு அறியலாம். நூறு புழுவில் எத்தனை ஏற்கெனவே குளவியால் மரண தண்டனை பெற்றவை என்று அறிந்த பிறகும் மருந்துத் தொட்டியைத் தோளில் ஏற்றுபவன் மூடன்; அறிய வழியிருந்தும் அறியாது ஏற்றச் சொல்பவனோ குற்றவாளி.

மரவள்ளியின் கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பஞ்ச காலத்தில் மக்களைக் காத்த அக்கிழங்கே ஆபிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு. 1970களின் தொடக்கத்தில் ஒரு மாப்பூச்சி அங்கே மரவள்ளியை அழிக்கத் தொடங்கிற்று. அதன் பூர்வீகம் தென்னமெரிக்கா என்று உணர்ந்த ஆய்வாளர், அக்கண்டத்தின் வடபகுதியில் அதைப் போன்ற பூச்சியைக் கண்டு, அதன் இயற்கைப் பகைவரை ஆபிரிக்கப் பூச்சிமேல் ஏவிப் பார்த்தனர். பயனில்லை. காரணம், அது வேறினம்! 1981இல் பரகுவேயிற் சரியான இனத்தையும் அதன் பகைவனான சிறு குளவியையும் கண்டனர். அக்குளவி ஆபிரிக்காவில் விடப்பட்டதும் மரவள்ளி பிழைத்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். ஒரு பெயர் பிழைத்ததால் இழந்தது காலம். அக்காலத்தின் விலை பசித்த வயிறுகள். அன்று பட்டைக்குறி முறை இருக்கவில்லை. நுணுக்குக்காட்டியைக் கொண்டே பிழையைத் திருத்தினர். இன்று அம்முறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அது வேண்டாம் என்கிறார் நமது நடைமுறைவாதி.

நஞ்சை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு அறிவையும் சேர்த்து எதிர்த்தவர்களை நாம் மறக்கவில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் ஓர் ஆணையால் தடுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவ்வாணையைக் கைவிட்டனர். இடைப்பட்ட காலத்தில் நெற்செய்கையாளரும் தேயிலைச் சிறுதோட்டக்காரரும் பட்ட பாட்டை நாடறியும். நஞ்சைக் குறைப்பதற்கு எந்தப் பீடை, எத்தனை பீடை, எந்தக் காவலன் என்ற கணக்கு வேண்டும். அக்கணக்கை எழுதாமல் பிறப்பித்த ஆணை, பெயரறியாது அடித்த நஞ்சின் மறுபக்கமே. இரண்டிலும் வயலைக் கேட்டவரில்லை. இரண்டிலும் உழவனைக் கேட்டவரில்லை.

*

"பணம் எங்கே?" என்ற கேள்விக்கு விடை சொல்லாது நாம் நழுவப் போவதில்லை. எழுத்துகளை வாசிக்கும் பெருங்கருவிகளும் அவற்றுக்கான இரசாயனங்களும் இறக்குமதியாகின்றன என்பது உண்மை. ஆனால் எல்லாப் பணிக்கும் பெருங்கருவி தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஒரு பெருக்கமுறை, 60 முதல் 65 பாகை வெப்பத்தில், ஒரே சூட்டில் வைத்த நீர்த்தொட்டியிலேயே நடக்கக்கூடியது. குறித்த ஒரு பீடைக்கென அதனை ஒருமுறை வகுத்துக்கொண்டால், பிரதேச விவசாய நிலையத்திலேயே சோதனை செய்யலாம். பிழையான நஞ்சுக்கு ஆண்டுதோறும் அள்ளிக் கொடுக்கும் அந்நியச் செலாவணியைப் பற்றி வாய் திறவாதவர், சரியான பெயரை அறியும் சிறு செலவைக் கண்டு மட்டும் திடுக்கிடுவானேன்? நஞ்சு விற்பவனுக்குத் தரகு உண்டு; பெயர் சொல்பவனுக்குத் தரகில்லை. இரகசியம் இதுவே.

ஆயினும் இந்த அறிவு யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. இலங்கை வண்டின் மூலமாதிரி ஐரோப்பாவுக்குச் சென்றதும், அது அங்கே தொலைந்ததும், கண்டெடுக்கப்பட்டதும், அதனால் நமது தேயிலைப் பீடையின் பெயர் மாறியதும் வெறும் சுவையான கதையன்று. ஒரு நாட்டின் உயிரினங்களைப் பற்றிய மூலச் சான்றுகள் அந்நாட்டுக்கு வெளியே இருக்கும் நிலையின் பெயர் அறிவுலகக் குடியேற்றவாதம். கொழுந்து கப்பலேறிச் சென்றது போலவே வண்டும் கப்பலேறிச் சென்றது. இன்று வண்டே செல்ல வேண்டியதில்லை; அதன் எழுத்துகள் மட்டும் ஒரு கணத்தில் கடல் தாண்டிவிடுகின்றன.

1992ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்வளத்தின் மேல் அந்நாட்டுக்குரிய உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் உயிரியைத் தொடாது அதன் எழுத்துகளை மாத்திரம் எடுத்துப் பயன்பெறும் கம்பனிகளை அது கட்டவில்லை. பல்லாண்டு வாதத்தின் பின் 2024ஆம் ஆண்டில் கொலம்பியாவின் காலி நகரில் நாடுகள் கூடி, அத்தகைய கம்பனிகள் தம் இலாபத்திலோ வருவாயிலோ ஒரு சிறு பங்கைச் செலுத்துவதற்கு ஒரு நிதியத்தை அமைக்க இணங்கின. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நிதியம் தொடக்கி வைக்கப்பட்டது. ஆனால் செலுத்துவது கம்பனிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது! விரும்பினால் வரி கொடுக்கலாம் என்று எந்த அரசாவது தொழிலாளியிடமோ கமக்காரனிடமோ சொன்னதுண்டா?

எழுத்துகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதன்று நம் கட்சி. பீடைக்கு எல்லை தெரியாது. ஆகவே பீடையைப் பற்றிய அறிவுக்கும் எல்லை கட்டலாகாது. கலிபோர்னியாவின் வண்டையும் இலங்கையின் வண்டையும் தென்னாபிரிக்காவின் வண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தமையாற்றான் உண்மை வெளிப்பட்டது. அறிவு பொதுவுடைமையாக இருக்கட்டும். அதனால் வரும் இலாபம் மட்டும் தனியுடைமையாவதை ஒப்புக்கொள்ள முடியாது என்பதே நம் நிலை.

இவ்விடத்தில் ஒரு தோழர் கேட்கக்கூடும்: வண்டின் பெயர் தெரிந்துவிட்டால் கொழுந்து பறிப்பவளின் கூலி உயர்ந்துவிடுமா? உயராது. அரைப்பேரை முழுப்பேராக்குவது ஆய்வுகூடமன்று, தொழிலாளரின் ஒற்றுமையே. ஆனால் அவ்வொற்றுமைக்கு அறிவும் ஓர் ஆயுதம். "இம்மலையில் நிறை குறைந்ததற்குக் காரணம் எம் சோம்பலன்று, இன்ன வண்டு, இன்ன அளவில், கவ்வாத்துக்குப் பின் இன்ன மாதத்திற் பெருகியது, இதோ சான்று" என்று ஒரு தொழிற்சங்கம் துரையின் மேசைமேல் தாளை வைக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். "இந்நஞ்சை எதன்மேல் அடிக்கச் சொல்கிறீர்? அதன் பெயரென்ன? அதற்கு இது பலிக்கும் என்பதற்கு ஆதாரமென்ன?" என்று தெளிதொட்டியைச் சுமப்பவன் கேட்கும் நாளை எண்ணிப் பாருங்கள். அந்நாளுக்கு அஞ்சுவோரே இது ஏழை நாட்டுக்குரியதன்று என்கிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மலைநாட்டிலும் வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் பொதுச் செலவில் இயங்கும் பீடை இனங்காணும் நிலையங்கள் அமைதல் வேண்டும். கமக்காரனும் தோட்டத் தொழிலாளியும் கொண்டுவரும் பூச்சிக்கு அவர்களிடம் கட்டணம் வாங்காது, அவர்கள் மொழியிலேயே விடை கொடுத்தல் வேண்டும். இனங்காணப்பட்ட மாதிரி இந்நாட்டிலேயே பேணப்பட்டு, அதைக் கண்டெடுத்தவர் பெயரும் அதன் சீட்டில் எழுதப்படுதல் வேண்டும். எந்த நஞ்சைச் சிபாரிசு செய்வதானாலும், எந்த இனத்துக்கு எதிராக என்ற சான்று முதலில் வெளியிடப்படல் வேண்டும். பூச்சியியலாளர் பதவிகள் நிரப்பப்படல் வேண்டும். கருவி அவர்களுக்குத் துணையாக வரட்டும், மாற்றாக வரலாகாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிற் பங்குண்டு. பரம்பரையலகு, இழைமணி, பங்கசு என்ற சொற்களைப் பரீட்சை வினாத்தாளுக்காக மாத்திரம் மனனஞ் செய்யும் விஞ்ஞானக் கல்வி, லயத்துக்குப் பின்னாலுள்ள மலையில் முறிந்து கிடக்கும் கிளையைப் பார்த்ததில்லை. அக்கிளையை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். அதைப் பிளந்து, துளையையும் வண்டையும் பங்கசையும் மாணவருக்குக் காட்டுங்கள். எந்த மலை, எந்தத் திகதி, எந்தச் செடி என்று எழுதி வைக்கப் பழக்குங்கள். அவ்வாறு எழுதப்பட்ட ஒரு சீட்டின்றி உலகத்தின் எந்தக் கருவியாலும் அவ்வண்டின் கதையைச் சொல்ல முடியாது. 1868ஆம் ஆண்டில் இலங்கை வண்டொன்றை யார் எந்த மரத்திலிருந்து எடுத்தார் என்பதை அம்மரத்தின் கீழ் வாழ்ந்தவர் எழுதவில்லை. எழுத அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படவுமில்லை. இனி எழுதப்படுவதை அவர்களின் பிள்ளைகள் எழுதட்டும்.